பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை இனி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவர் மரவள்ளிக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இருவரும் ஊரிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள்.

பிப்ரவரியில் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மகள் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மறுநாள் காலை மலத்தில் சாண் நீளத்துக்கு ஒரு புழு. பார்த்த மாமியார் அலறிவிட்டார். "நல்லா இருந்த பொண்ணு, மாத்திரை குடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று இன்றுவரை சொல்கிறாராம். உறவினர் ஒருவர் அனுப்பிய வாட்ஸப் குரல் செய்தி வேறு: இந்த மாத்திரை சாப்பிட்ட பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று. மகனுக்கும் அதே நாளில்தான் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அவன் பத்தே நாளில் ராத்திரி தூக்கத்தில் ஆசனவாயைச் சொறிய ஆரம்பித்துவிட்டான். பல்லை நறநறவென்று கடிக்கிறான், கன்னத்தில் வெள்ளைத் திட்டு. மருந்துக் கடைக்காரர் சொன்னபடி மாதம் ஒரு பாட்டில் பூச்சி மருந்து, மாமியார் கையால் ஞாயிறுதோறும் வேப்பங்கொழுந்து உருண்டை, வீட்டில் இனிப்புக்குத் தடை. எதிலும் நிற்கவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு மகளுக்கு ரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அவள் சிலேட்டுக் குச்சியும் அடுப்புச் சாம்பலும் செம்மண்ணும் ஒளித்து ஒளித்துத் தின்கிறாள்.

"ஆகஸ்டில் மறுபடி கொடுக்க வருவார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்பது கேள்வி. கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி: "வீட்டில் எல்லோரும் சாப்பிட்டால் நல்லது என்று நாலு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது இரண்டு மாசம்."

முதலில் அந்தக் கடைசி வரி

சகோதரி, நான்கு பக்கத்தில் எனக்கு மிக அவசரமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். வாங்கி வைத்திருக்கும் மாத்திரையில் உங்கள் பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் இந்தப் பூச்சி மாத்திரையை, அதாவது அல்பெண்டசோலை, சாப்பிடக் கூடாது. நான்காம் மாதம் தொடங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களே கர்ப்பிணிகளுக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அதுவரை பொறுத்திருங்கள்.

இந்தப் பதில் கைக்கு வருவதற்குள் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். தெரியாமல் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை, யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஊர் செவிலியரிடம் தேதியோடு சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். கர்ப்பத்தை இன்னும் பதிவு செய்யவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து நினைக்கிறேன். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது உதவித்தொகைக்கும் நல்லது, உங்கள் ரத்த அளவைப் பார்ப்பதற்கும் நல்லது. காட்டில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர் நீங்கள். மகளுக்கு இருக்கும் ரத்தக் குறைவு உங்களுக்கும் இருக்கலாம்.

ஒரே சொல், வேறு வேறு உயிர்கள்

உங்கள் வீட்டுக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'பூச்சி' என்ற சொல். வயிற்றில் இருக்கும் எதையும் நாம் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். கடைக்காரரும் அப்படித்தான் மருந்து எடுத்துக் கொடுக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், மகள் வயிற்றில் இருந்தது ஒன்று, மகனைப் படுத்துவது வேறொன்று.

மகளிடமிருந்து வெளியே வந்தது நாக்குப்பூச்சி, அதாவது உருளைப்புழு. மண்புழு போலத் தோற்றம், வெளிறிய நிறம், ஒரு சாணோ அதற்கு மேலோ நீளம். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரம் அங்கே கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வரும். பிறகு மண் பட்ட கையிலோ கழுவாத காயிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இந்த முட்டைகள் வருடக்கணக்கில்கூடத் தாங்கும்.

கொக்கிப்புழு இன்னொன்று. அரை அங்குலம்கூட இருக்காது. வாய் வழியாக வர வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை, ஈர மண்ணில் வெறுங்கால் வைத்தால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். மலத்தில் இதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிப்பது இதுதான்.

மகனைச் சொறிய வைப்பது கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு போல ஒரு சென்டிமீட்டர் இருக்கும். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாய், போர்வை, ஜட்டி, நக இடுக்கு, இவைதான் இதன் ஊர்.

மாத்திரையால் வந்ததா?

உங்கள் மாமியாரிடம் ஒரு கணக்குச் சொல்லுங்கள். நாக்குப்பூச்சி முட்டையாக வாய்க்குள் போகிறது. குடலில் பொரிந்து, ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வந்து முதிர்ந்த புழுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். பிப்ரவரியில் சாண் நீளத்துக்கு வந்த புழு, மிகத் தாமதமாக என்றாலும் கார்த்திகை மழைக்காலத்திலேயே உள்ளே போயிருக்க வேண்டும். பேத்தி 'நல்லா இருந்தாள்' என்று அவர் நினைத்த காலம் முழுவதும் அது வயிற்றில்தான் இருந்தது. மாத்திரை அதை வெளியே தள்ளியது, அவ்வளவுதான். கண்ணால் பார்த்ததும் பயம் வருவது இயல்பு. நானே பயிற்சி மருத்துவராக இருந்தபோது முதல்முறை ஒரு பையன் வாயிலிருந்து அது வந்ததைப் பார்த்து இரண்டு நாள் சேமியா சாப்பிடவில்லை.

வயிற்று வலியும் வாந்தியும் இந்த மாத்திரைக்குத் தெரிந்த பக்கவிளைவுகள். வயிற்றில் புழு அதிகம் உள்ள பிள்ளைகளுக்குத்தான் அவை அதிகம் வரும். ஒரு நாளில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய மருந்து இல்லை இது. அடுத்த முறை சாப்பிட்ட பிறகு கொடுக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நன்றாக மென்று தின்னச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதற்கு முதல் நாளே பள்ளியிலிருந்து உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை பயம் வந்திருக்காது. அந்தக் குறை நியாயமானதுதான்.

ஆனால் ஒரு ஆபத்தை நினைவில் வையுங்கள். வயிறு உப்பிக் கல்லாகி, வாந்தி நிற்காமல் பச்சையாக வந்து, மலமும் காற்றும் பிரியவில்லை என்றால் அது நாக்குப்பூச்சிகள் சுருண்டு குடலை அடைத்ததாக இருக்கலாம். அப்போது வீட்டில் பூச்சி மருந்தோ விளக்கெண்ணெயோ கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தை பிறக்காது என்ற குரல் செய்தியைப் பற்றி: பொய். அல்பெண்டசோல் 1980-களிலிருந்து மனிதர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று வைத்து 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் தருகிறார்கள். புழு தன் உணவான குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் செய்து பட்டினி போட்டுக் கொல்வதுதான் அதன் வேலை. சாப்பிட்டதில் பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் சேர்வது குறைவு. கருப்பையைத் தொட்டுக் கெடுக்கும் சங்கதி எதுவும் அதில் இல்லை.

வேப்பங்கொழுந்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொழுந்து உருண்டை பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. வேப்பெண்ணெயை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குழந்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் வந்ததுண்டு. விளக்கெண்ணெய்ப் பேதியும் வேண்டாம். என் பாட்டி கோடை விடுமுறையில் எங்கள் ஆறு பேரையும் வரிசையாக உட்காரவைத்து ஊற்றுவார். பழைய பூச்சி மருந்துகளுக்குப் பின்னால் பேதி தேவைப்பட்டது, இப்போதைய மாத்திரைக்கு அது தேவையில்லை.

மகனுக்கு ஏன் நிற்கவில்லை

கீரிப்பூச்சியின் பெண் புழு ராத்திரியில், பிள்ளை அயர்ந்து தூங்கிய பிறகு, ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த அரிப்பில்தான் பிள்ளை சொறிகிறான். முட்டைகள் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும். சொறிந்த நகம் விடிகாலையில் வாய்க்குப் போகும், அல்லது பக்கத்தில் படுத்திருக்கும் அக்காவின் போர்வைக்குப் போகும். பள்ளியில் கொடுத்த ஒற்றை மாத்திரை அன்று வயிற்றில் இருந்த புழுக்களைக் கொன்றிருக்கும். முட்டைகளை அது ஒன்றும் செய்யாது. பாயிலிருந்த முட்டையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் வயிற்றிலிருந்த புழுவும் அப்படியே இருந்தன. பத்து நாளில் திரும்பி வந்ததில் ஆச்சரியமில்லை.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை நூல் நெளிவது தெரியும். தெரியாவிட்டால் காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், கண்ணாடி போன்ற செல்லோ டேப்பை ஆசனவாய் ஓரத்தில் ஒட்டி எடுத்து சுகாதார நிலையத்து ஆய்வகத்தில் கொடுங்கள். கீரிப்பூச்சிக்குச் சாதாரண மலப் பரிசோதனை பெரும்பாலும் பலிக்காது.

வைத்தியம் என்றால், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். சரியாக இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. கணவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள், இரண்டாம் தவணை மாத்திரையை அவர் லாரியிலேயே கொடுத்தனுப்புங்கள். நீங்கள் மட்டும் விலக்கு. உங்களுக்கு இப்போதைக்குச் சுத்தம்தான் மருந்து. மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலை பாய் போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து (உதறினால் முட்டை வீடெங்கும் பறக்கும்) சுடுநீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். மகனுக்கு இரண்டு வாரமும் காலையில் எழுந்ததும் குளியல், தினம் மாற்று ஜட்டி, ஒட்ட வெட்டிய நகம்.

மருந்துக் கடைப் பாட்டிலை மாதந்தோறும் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தச் சின்னப் பாட்டிலில் பொதுவாக 10 மில்லி இருக்கும். மொத்தப் பாட்டிலும் சேர்ந்துதான் 400 மில்லிகிராம், அதாவது பள்ளியில் கொடுத்த ஒரு மாத்திரை. பாதி அக்காவுக்கு, பாதி தம்பிக்கு என்று நீங்கள் பங்கிட்டது இருவருக்குமே அரைகுறை வைத்தியம். 2 வயது தாண்டியவர்களுக்கு முழு அளவு வேண்டும். அளவு குறைவாக, அடிக்கடி கொடுப்பதன் விளைவு ஆடு வளர்க்கும் வீடுகளுக்குத் தெரியும். ஒரே மருந்தை ஓயாமல் கொடுத்துக் கொடுத்து ஆட்டுப் புழுக்களில் பல அந்த மருந்துக்கு மசியாமல் போய்விட்டன.

பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் உறுதியான தொடர்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பூச்சி இல்லாத பிள்ளைகளும் கடிக்கிறார்கள், வளர வளர நின்றுவிடும். கன்னத்து வெள்ளைத் திட்டு வறண்ட தோல். தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சில மாதத்தில் நிறம் திரும்பும். இனிப்பு தின்றால் பூச்சி பிறக்காது. பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், பூச்சிக்காக அந்தப் பையனைத் தண்டிக்காதீர்கள்.

மகளின் ரத்தம்

என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய பிள்ளை மகள். சொறியும் தம்பி எல்லோர் கண்ணிலும் படுகிறான். சத்தமில்லாமல் மண் தின்கிறவள் பின்னால் நிற்கிறாள்.

இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 8.6 என்பது அந்தக் கோட்டுக்கு மிக அருகில். மண்ணும் சாம்பலும் தின்பது கெட்ட பழக்கம் என்று அடித்திருக்கிறீர்கள், எழுதியே இருக்கிறீர்கள். அது உடம்பில் இரும்புச் சத்து வற்றியதன் அறிகுறி. சத்து ஏறினால் பெரும்பாலும் அந்த ஆசை தானாக விட்டுப்போகும். ஆனால் தின்கிற ஒவ்வொரு பிடி மண்ணும் புது நாக்குப்பூச்சி முட்டைக்கு வழி என்பதால் இது ஒரு சுழல்.

சத்துக் குறைவுக்குச் சாப்பாடு மட்டும் காரணமா, கொக்கிப்புழுவும் சேர்ந்ததா என்று மலப் பரிசோதனை செய்தால் தெரியும். நம் பக்கம் அதிகமாகக் காணப்படும் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்குக் குடிக்கும் ரத்தம் 0.03 மில்லிதான். நூறு புழு இருந்தால் 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி, கடை டீ டம்ளர் ஒன்று. 22 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சின்ன இழப்பா, சொல்லுங்கள்.

பூச்சி மாத்திரை ரத்தத்தை ஊறவைக்காது, கசிவை மட்டும் நிறுத்தும். ஊறுவதற்கு இரும்புச் சத்து மருந்து தினமும் வேண்டும். பள்ளியில் வாரத்துக்கு ஒன்று தரும் இளஞ்சிவப்பு மாத்திரை ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு, வந்துவிட்ட பிள்ளைக்கு அது போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் அந்த 8.6 சீட்டைக் காட்டுங்கள். எடை பார்த்துத் தினசரி அளவு எழுதுவார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மாத்திரையோடு டீ வேண்டாம், டீ சத்தைத் தடுத்துவிடும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். ஒரு மாதத்தில் ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த மாத்திரை உடம்பைத் தேற்றும், படிப்பைக் கூட்டும் என்று சில மேடைகளில் பேசுகிறார்கள். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் பள்ளி செல்லும் வயது வராத சுமார் 10 லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்தும் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புழுச்சுமை குறைவு. ஆனால் உங்கள் மகள் அந்தச் சராசரிப் பிள்ளை இல்லை. புழுவைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, ரத்தமும் குறைவு. அவளுக்கு மாத்திரையால் பலன் உண்டு.

மறுப்பதும் கேட்பதும்

பள்ளியில் மறுக்க முடியுமா என்றால், முடியும். உங்கள் விருப்பத்தை மீறி யாரும் பிள்ளை வாயில் மாத்திரையைத் திணிக்கக் கூடாது. காய்ச்சலோ பேதியோ உள்ள நாளில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சில நாள் கழித்து விடுபட்ட பிள்ளைகளுக்கென்று இன்னொரு நாள் வைப்பார்கள், அன்று வாங்கிக்கொள்ளலாம். எப்போதாவது வலிப்பு வந்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இந்தத் தடைகள் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

மறுக்கும் உரிமையைவிட உங்களுக்குப் பயன்படக்கூடிய உரிமை ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் பள்ளியில் கழிவறைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, பிள்ளைகள் மக்காச்சோளக் கொல்லைக்குத்தான் ஒதுங்குகிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் மாத்திரை கொடுத்தாலும் நவம்பருக்குள் மறுபடி புழு வந்துவிடக் காரணம் அந்தக் கொல்லைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் திட்டமே இப்படித் திரும்பத் திரும்பத் தொற்றுவதால்தான். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை காலை உணவு, மதியம் சத்துணவு என்று பிள்ளைகள் ஒரு நாளில் இரண்டு முறை பள்ளியில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த இரண்டு வேளைக்கும் சோப்பும் தண்ணீரும் வேண்டும், கழிவறையில் தண்ணீர் வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்களோடு காட்டு வேலைக்கு வரும் இன்னும் இரண்டு தாய்மாரைக் கூட்டிப் போங்கள்.

வீட்டுக் கழிவறையில் விறகு அடுக்கி வைத்திருப்பதையும் படித்தேன். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. விறகை வெளியே எடுங்கள். கொக்கிப்புழு பெரியவர்களிடமும் நிறைய உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா என்று பார்க்கத்தான் வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் ஊரார் அனைவருக்கும் மாத்திரை கொடுத்துப் பல ஆண்டு ஆய்வு செய்தார்கள். உங்கள் மாமியாரும் வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவர்தானே. இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் ரப்பர் செருப்பு வாங்குங்கள்.

கீரிப்பூச்சிக்கு வீட்டார் எல்லோரும் மாத்திரை சாப்பிடும் நாளில் முதல் மாத்திரையை மாமியாருக்கே கொடுத்துப் பாருங்கள். மறுநாள் காலை அவருக்கும் ஒரு சாண் வந்தாலும் வரலாம். அதற்குப் பிறகு ஆகஸ்டில் மாத்திரை கொடுக்கும் நாளில் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று அவர் சொல்ல மாட்டார்.